முதலில் இறங்கி வந்தது யார்?

நான்கு வருடமாகப் பேசாமல் இருந்த நண்பன் ஒரு நாள் காலையில் எனக்கு ஒரு மரப்பலகை அனுப்பினான். 2010ஆம் ஆண்டு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் சமூக வலைத்தளத்தில் ஏதாவது ஒரு பண்ணையை உழுதுகொண்டிருந்த காலம். நான் விளையாடிய விளையாட்டின் பெயர் வேண்டாம்; அன்றைக்கு வந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான். அதில் தொழுவம் கட்டப் பலகை வேண்டும், ஆணி வேண்டும். திரையில் அவன் முகம் வந்தது, அதன் கீழே அவன் எனக்குப் பரிசு அனுப்பியிருப்பதாக ஒரு வரி, அதற்கும் கீழே பச்சையாக ஒரு பொத்தான். எங்கள் சண்டை என்ன என்பது இங்கே முக்கியமில்லை. காசு விவகாரம் இல்லை. ஒருவன் சொன்ன ஒரு சொல்லை இன்னொருவனால் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றோம். அவன் எங்கே வேலை பார்க்கிறான், எப்போது வீடு மாறினான் என்பதெல்லாம் பொது நண்பர்கள் வழியாக எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. என்னைப் பற்றி அவனுக்கும் தெரிந்திருக்கும். யார் முதலில் இறங்கி வருவது என்பது ஒன்றுதான் பாக்கி.

பலகையைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, "இறங்கி வந்துட்டான்" என்பதுதான். அதில் ஒரு சின்ன வெற்றிக் களிப்பு இருந்ததை மறைக்க மாட்டேன். அடுத்த நிமிடமே அந்தக் களிப்புக்காகக் கூச்சமாகவும் இருந்தது. பதிலுக்கு ஆணி அனுப்பினேன். மறுநாள் இன்னொரு பலகை வந்தது. நான் இன்னொரு ஆணி. இப்படியே ஏழு மாதம் ஓடியது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. நேரில் மன்னிப்புக் கேட்க வாய் வராத இரண்டு பேர் இப்படித்தான் சமாதானம் ஆவார்கள்போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளையாட்டு சலித்துப்போன பிறகும், அந்தப் பலகைக்காகவே காலையில் ஒருமுறை திறந்து பார்ப்பேன். பிற்பாடு தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிட்டால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

ஸ்ட்ராபெர்ரி கொடுத்த வாய்தா

இந்த வகை விளையாட்டுகளில் பேர்போனது ஃபார்ம்வில். ஜிங்கா நிறுவனம் 2009 ஜூனில் அதை ஃபேஸ்புக்கில் விட்டது. ஒரு வருடம் முடிவதற்குள் மாதம் 8 கோடிப் பேருக்கு மேல் அதை ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். ஒரு கட்டத்தைத் தட்டினால் உழவு, இன்னொரு தட்டு தட்டினால் விதைப்பு, நேரம் வந்ததும் தட்டினால் அறுவடை. சதுரங்கத்தில் தோற்றால் எனக்கு ஆடத் தெரியவில்லை என்று பொருள். இங்கே தோற்பது எப்படி? ஒரே வழிதான், சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பது. ஸ்ட்ராபெர்ரி நான்கு மணி நேரத்தில் விளையும். விளைந்தபின் ரொம்ப நேரம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் வாடிப்போகும். போட்ட காசு, செய்த வேலை எல்லாம் போச்சு. எந்தப் பயிரை நடுகிறோம் என்பது விவசாயத் தேர்வு மாதிரித் தெரியும். உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது அடுத்து எத்தனை மணிக்கு ஆஜராகிறோம் என்பதை. நமக்கு நாமே வாய்தா வாங்கிக்கொண்டு போகிறோம்.

என் விளையாட்டிலும் இதே கதைதான். இரவு பதினொரு மணிக்கு எட்டு மணி நேரப் பயிரை நட்டுவிட்டுப் படுத்தால் காலை ஏழுக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுத் தூங்கியிருக்கிறேன். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது அலாரம் வைத்து எழுந்து பூசணிக்காய் அறுத்தேன். அந்தப் பூசணியால் எனக்கு என்ன லாபம் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. லாபம் அங்கே கணக்கிலேயே இல்லை. கிடைக்கும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதிவிட்டார்கள். விளையாட்டுச் செய்தவர்கள் அதைப் படித்தார்களோ இல்லையோ, வாடிய பயிரைப் பழுப்பு நிறத்தில் தலை தொங்கவிட்டு வரையத் தெரிந்திருந்தது. வெறுமனே மறைந்துபோகிற மாதிரி வைத்திருக்கலாமே? வைக்கவில்லை. செத்த பயிர் கட்டத்திலேயே கிடக்கும், நாம் வந்து பார்க்கும்வரை.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைக்கு வைத்த புறாக்களைக் கொண்டுவருவார்கள். எப்போது தீனி விழும் என்று தெரியாவிட்டால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். அதுபோலத்தான் மர்மப் பெட்டிகளும் திடீர்ப் பரிசுகளும் என்று விளக்குவார்கள். சரிதான். ஆனால் அந்த விளக்கம் எனக்குப் பாதி தூரம்தான் வருகிறது. புறாவுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோன நண்பன் கிடையாது.

காசு போன கதை

பணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். இலவச விளையாட்டில் இரண்டு நாணயங்கள் இருக்கும். ஒன்று உழைத்தால் கிடைப்பது, அதற்குப் பெரிதாக ஒன்றும் வராது. மற்றது நிஜக் காசு கொடுத்து வாங்குவது, காத்திருப்பதைத் தவிர்க்க அதுதான் வேண்டும். நிஜக் காசு வைரமாகவோ ரத்தினமாகவோ மாறிய பிறகு விலை மனதில் நிற்காது. கட்டுக்கட்டாகத்தான் விற்பார்கள், எதை வாங்கினாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், மிச்சம் வீணாகிறதே என்று இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். நான் மூன்று தடவை வாங்கினேன். மூன்றும் சின்னத் தொகைகள், மூன்றையும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை வைத்தே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவர்கள் கடைசிவரை காசே கொடுப்பதில்லை. கொடுக்கிறவர்கள் நூற்றுக்கு ஒரு சிலர். அவர்களிலும் அள்ளிக் கொட்டுகிறவர்களைத் திமிங்கிலங்கள் என்பார்கள். சூதாட்ட விடுதிகளிலிருந்து எடுத்த சொல். எடுத்த இடமே ரொம்பச் சொல்கிறது. ஜிங்காவை ஆரம்பித்த மார்க் பின்கஸ், உடனடியாக வருமானம் பார்ப்பதற்காகச் செய்யக்கூடாத மோசமான வேலைகள் எல்லாவற்றையும் செய்ததாக 2009ல் ஒரு மேடையில் தானே சொன்னார். அந்த வீடியோ ரொம்ப நாள் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டமும் மெதுவாக வந்து சேர்ந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகள் ஆப்புக்குள் வாங்கியவற்றுக்காக, குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தர ஆப்பிள் 2014ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. குழப்பும் பொத்தான்களால் வேண்டாததை வாங்க வைத்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில், ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022ல் 24.5 கோடி டாலருக்குச் சம்மதித்தது. காசு என்றால் கணக்கு உண்டு, ரசீது உண்டு, திருப்பிக் கேட்க இடம் உண்டு. என் புகாருக்கு ரசீது இல்லை.

பத்துப் பேர் வேண்டும்

தொழுவம் கட்டப் பலகை வேண்டும் என்றேன் இல்லையா? அந்தப் பலகையை நானே வெட்டிக்கொள்ள முடியாது. பண்ணையில் மரம் இருக்கும், கோடாலி இருக்கும், ஆனாலும் முடியாது. நண்பர்கள் கொடுக்க வேண்டும் அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும். இதை அன்றைக்கு நான் ஒரு விதியாக எடுத்துக்கொண்டேன், சதுரங்கத்தில் குதிரை வளைந்து போவதைப் போல. பத்து நண்பர்கள் பத்துப் பலகை தர வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்தார் என்பது உறைக்க வெகு நாளாயிற்று. காசு கொடுக்காதவனிடமிருந்து வேறு என்ன வாங்கலாம் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை அது: அவனுக்குத் தெரிந்தவர்கள். நான் காசு தராத வாடிக்கையாளன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கணக்கில் நான் ஒரு வாய்க்கால், என் வழியே இருநூறு பேரிடம் போகலாம்.

ஃபார்ம்வில்லில் இதற்குக் கொஞ்சம் கண்ணீரும் சேர்த்திருந்தார்கள். பண்ணைக்குள் திடீரென்று ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டியோ அசிங்கமான வாத்துக்குஞ்சோ வழிதவறி வந்து நிற்கும். யாராவது தத்தெடுக்கட்டும் என்று நண்பர்கள் பார்க்க ஒரு செய்தி போடச் சொல்லும். மாட்டேன் என்றால் அனாதை ஆட்டுக்குட்டியைத் துரத்தியவர் நாம். சும்மா "விளம்பரம் போடு" என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? இத்தகைய செய்திகள் பெருகி, விளையாடாதவர்கள் எரிச்சலாகி, கடைசியில் 2010 மார்ச்சில் ஃபேஸ்புக் இந்த ஆப்புகள் அறிவிப்பு அனுப்பும் வழியை மூடியது. வழிகள் மாறின, நிற்கவில்லை. ஃபேஸ்புக்குக்கும் இதில் பங்கு சின்னதில்லை. 2011ல் தன் வருமானத்தில் 12 சதவீதம் ஜிங்காவால் வந்தது என்று, பங்குச் சந்தைக்கு வரும்போது தாக்கல் செய்த ஆவணத்தில் அதுவே எழுதியிருக்கிறது. நம் பரஸ்பர உதவிகளுக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததை நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஒருவர் ஏதாவது கொடுத்தால் பதிலுக்குக் கொடுக்காமல் இருப்பது மனிதர்களுக்குக் கஷ்டம். கைம்மாறு செய்யாதவன் என்ற பெயர் யாருக்கும் பிடிக்காது. அந்தக் கூச்சத்தை இந்த விளையாட்டுகள் அப்படியே எடுத்துக்கொண்டன. பரிசைப் பெற்றுக்கொள்ளும் பொத்தானிலேயே "நன்றி சொல்லி ஒன்று அனுப்பு" என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. எனக்குச் செலவு ஒரு தட்டல். அவனுக்கும் ஒரு தட்டல். இடையில் உள்ளவர்களுக்கு இரண்டு பேர் மறுநாளும் வந்தாக வேண்டிய கட்டாயம்.

என் பெயரில் போன கடிதம்

பொது நண்பன் ஒருவன் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போகிறான் என்று ஒரு மாலை எல்லாரும் அவன் வீட்டில் கூடினோம். பலகைக்காரனும் வந்திருந்தான். நான்கு வருடத்துக்கு அப்புறம் நேரில் பார்க்கிறேன். லேசாகத் தொப்பை போட்டிருந்தான். ஏழு மாதம் ஆணி அனுப்பிய தைரியத்தில் நானே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பலகைக்கு ரொம்ப தேங்க்ஸ்டா" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று வழியிலேயே முடிவு செய்து வைத்திருந்த வாக்கியம்.

"எந்தப் பலகை?"

"தினமும் அனுப்புறியே."

"ஓ, அதுவா? அது எல்லாருக்கும் போகுதுடா. செலக்ட் ஆல் போட்டு ஒரே தட்டு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏழு மாதச் சமாதான உடன்படிக்கை, இருநூறு பேருக்குப் போன சுற்றறிக்கை. எழுந்து போயிருப்பேன். ஆனால் அவனே தொடர்ந்தான். "முதல் பலகை மட்டும் உனக்குன்னு தனியா அனுப்பினேன். நீ கேட்டதால."

"நான் எப்போ கேட்டேன்?"

"எழுதியிருந்தியே. நீ இல்லாம என்னால முடியாது, கை கொடுன்னு. இவனா இப்படி எழுதியிருக்கான்னு எனக்கே ஆச்சரியம். சரி, அவனே இறங்கி வந்துட்டான், நாம என்ன பிகு பண்றதுன்னுதான் அனுப்பினேன்."

நான் அப்படி எழுதவே இல்லை. அவன் நம்பவில்லை. வீட்டுக்காரனின் மடிக்கணினியை வாங்கி, தன் கணக்கைத் திறந்து, பழைய வேண்டுகோள்களைப் பின்னோக்கி உருட்டி, தேடி எடுத்துக் காட்டினான். என் படம் இருந்தது. பக்கத்தில், தொழுவத்தைக் கட்டி முடிக்க நான் உன்னைத்தான் நம்பியிருக்கிறேன், நீயில்லாமல் முடியாது என்ற பொருளில் இரண்டு வரிகள். தேதி, முதல் பலகை வருவதற்கு முந்தைய இரவு. எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. தொழுவத்தைத் தட்டியதும் ஒரு பெட்டி எழும்பி நின்றது. அதில் நண்பர்களின் முகங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தது. மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் சாம்பல் நிறத்தில் தேடினால் தெரிகிற அளவில் இருந்தது. கீழே பெரிய பச்சைப் பொத்தான். தூக்கக் கலக்கம். பெட்டி போனால் போதும் என்று பச்சையைத் தட்டினேன். அந்தத் தட்டலில் இருநூறு பேரிடம் தனித்தனியாகக் கெஞ்சியிருக்கிறேன். அதில் ஒருவன் இவன்.

"அப்போ நீ எழுதலையா?" என்று கேட்டான்.

அவன் முகத்தை அன்று பார்த்ததைத்தான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. சிரித்துக்கொண்டிருந்த முகம் ஒரு நொடி நின்று, மறுபடி சிரித்தது, அவ்வளவுதான். கொடுத்த பொருளைக் கையிலிருந்து திரும்பப் பிடுங்கினால் குழந்தைகள் முதலில் அழாது, ஒரு நொடி கையையே பார்க்கும். அப்படி இருந்தது. "ஆமாடா, நான்தான் எழுதினேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய்தான். விளையாட்டு ஏற்கெனவே சொல்லிவிட்ட பொய்க்கு நான் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அதுவும் என்னால் ஆகவில்லை. இறங்கி வந்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே. "இல்லடா, அதுவா போயிருக்கு" என்றேன். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம். மற்றவர்களிடமும் சொல்லிச் சிரித்தோம். போகும்போது போன் பண்ணுவதாகச் சொல்லிக்கொண்டோம். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் போன் இல்லை. மறுநாளிலிருந்து பலகையும் வரவில்லை. என்னை மட்டும் டிக் எடுத்துவிட்டானா, ஆட்டத்தையே விட்டுவிட்டானா, நான் கேட்கவில்லை.

யார் எழுதியது?

கொஞ்ச நாள் அந்த வரியை எழுதியவன் மேல் எனக்குக் கடுங்கோபம் இருந்தது. எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, "நீயில்லாமல் முடியாது" என்று தட்டச்சு செய்த ஆள். அவன் யாருக்காக எழுதினான்? எல்லாருக்காகவும். அதனால்தான் அது எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. பிரிந்தவர்கள், சலித்தவர்கள், மறந்தவர்கள் என்று யாரிடம் போய்ச் சேர்ந்தாலும் அந்த வரி அங்கே தனக்கு ஒரு பொருளைத் தேடிக்கொள்ளும். அதை வாங்கிப் படிக்கிறவர்தான் மிச்சக் கதையை எழுதுகிறார்.

அப்புறம் என் கோபத்துக்கு ஒரு தடங்கல் வந்தது. நானும் மென்பொருள் வேலைதான். சில வருடம் கழித்து நாங்கள் செய்துகொண்டிருந்த ஒரு ஆப்பில், இரண்டு வாரம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு அனுப்ப ஒரு வரி வேண்டும் என்றார்கள். "உங்களைக் காணாமல் என்னவோபோல் இருக்கிறது" என்று எழுதினேன். "புதிய வசதிகள் வந்துள்ளன" என்பது இன்னொன்று. பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது என்று அனுப்பிப் பார்த்தோம். என்னுடையதுதான் ஜெயித்தது. கைதட்டினார்கள். அந்த அறையில் கெட்டவர் யாரும் இல்லை. எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ததே ஒரு எண்தான். யாரும் யாரையும் ஏமாற்றத் திட்டம் போடவில்லை. பல சின்னச் சோதனைகளில் அதிகம் தட்டப்பட்டது தங்கியது, மற்றது போயிற்று. பச்சைப் பொத்தான் பெரிதானதும் பெருக்கல் குறி வெளுத்ததும் இப்படித்தான் நடந்திருக்கும். அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போதுதான் என் வரிக்கும் தொழுவ வரிக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். என்னுடையதில் குறைந்தபட்சம் ஆப்பின் பெயர் கீழே இருந்தது. வேறொருவர் வாயில் அந்தச் சொல்லை நான் திணிக்கவில்லை. இது பெரிய சமாதானமா என்றால், இல்லை.

இதைப் பற்றி ஒருவரிடம் பேசியபோது, வாழ்த்து அட்டையில்கூட யாரோ எழுதிய வரிதானே இருக்கிறது, அதைக் கொடுத்தால் மட்டும் அன்பு என்கிறோமே என்றார். நல்ல கேள்விதான். ஆனால் அட்டையை நான் எடுத்துப் படித்து, இது இவனுக்குச் சரி என்று நினைத்து, பெயர் எழுதி அனுப்புகிறேன். அட்டை விற்கிறவர் என் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, எல்லாப் பெயருக்கும் டிக் போட்டு, என் கையெழுத்தையும் போட்டு வைத்துக்கொண்டு, வாசலை மறித்து நின்று "போகணும்னா இதைத் தட்டிட்டுப் போங்க" என்று சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்: செய்வதை அப்படியே திரையில் எழுதிவிட்டால் அது இன்னும் வேலை செய்யுமா? "இருநூறு பேருக்கு உங்கள் பெயரில் கெஞ்சல் கடிதம் போகும், அதில் நீங்கள் பேசாமல் இருப்பவர்களும் உண்டு, அனுப்பலாமா?" என்று கேட்டிருந்தால் தொழுவம் கட்டாமலேயே மாடுகளை வெயிலில் விட்டிருப்பேன். ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010ல் இம்மாதிரி ஏமாற்று வேலைகளுக்கு டார்க் பேட்டர்ன், அதாவது இருட்டு வடிவமைப்பு, என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர். வெளிச்சம் போட்டால் வேலை செய்யாது என்பதுதானே அதன் அடையாளம்.

காலி இடத்தைத் தட்டியவர்கள்

இதோடு விட்டுவிட்டால் என் கருத்து திடமாக நின்றுவிடும். நிற்கவிடாமல் தொந்தரவு செய்வது ஒரு பசு. இயன் போகோஸ்ட் என்ற விளையாட்டு ஆராய்ச்சியாளர் 2010 ஜூலையில் இந்த வகை விளையாட்டுகளைக் கிண்டல் செய்வதற்காகவே கவ் க்ளிக்கர் என்று ஒன்றைச் செய்தார். ஒரு பசு படம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டலாம். தட்டினால் ஒரு தட்டல் கூடும். அவ்வளவுதான் ஆட்டம். நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், காத்திருக்க முடியாதவர்கள் காசு கொடுக்கலாம். எவ்வளவு முட்டாள்தனம் பாருங்கள் என்று காட்டத்தான் செய்தார். 50 ஆயிரம் பேருக்கு மேல் வந்து தட்டினார்கள். கிண்டலுக்குச் செய்தவரே புதுப்புதுப் பசுக்களாகச் சேர்த்துக்கொண்டு போனார். கடைசியில் 2011 செப்டம்பரில் பசுக்கள் எல்லாவற்றையும் மறையவைத்து, காலி இடத்தை மட்டும் விட்டார். அதற்கப்புறமும் சிலர் அந்தக் காலி இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பார்கள். நானும் முதல் முறை சிரித்தேன். பிறகுதான், பலகைக்காக மட்டும் காலையில் பண்ணையைத் திறந்த ஆள் நான் என்பது நினைவுக்கு வந்தது. அவர்கள் பசுவுக்காகத் தட்டினார்களா, பக்கத்தில் இன்னொருவரும் தட்டுகிறார் என்பதற்காகத் தட்டினார்களா? பொய்யான வேலியின்மேல் நிஜமான கொடி படர்ந்துவிட்டால் வேலியைப் பிடுங்குவது அவ்வளவு எளிதாக இல்லை. எங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கடிதம் போலி. அதற்கு அவன் அனுப்பிய முதல் பலகை நிஜம். அதற்கு நான் அனுப்பிய ஆணிகள் நிஜம். பிறகு வந்த இருநூற்றுச் சொச்சம் பலகைகள் மறுபடி போலி. இதில் எது சமாதானம், எது இல்லை என்று பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு செய்தவர்கள் எங்களைச் சேர்த்துவைத்தார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் சேர்த்துவைக்கவில்லை என்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அது ஓடிக்கொண்டிருந்த ஃப்ளாஷ் தொழில்நுட்பம் நின்றதோடு ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. பண்ணைகள் போனாலும் பண்ணைக்காரர்கள் போகவில்லை. இப்போது வாடுவது பயிர் இல்லை, ஸ்னாப்சாட்டில் இரண்டு பேருக்கு நடுவே எரியும் ஒரு சின்னத் தீச்சுடர். ஒரு நாள் படம் அனுப்பாவிட்டால் அணைந்துவிடும். என் அக்கா மகள் தேர்வுக்குப் படிக்கும்போது போனைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, கடவுச்சொல்லைத் தோழியிடம் கொடுத்துவிட்டாள், தினமும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு படம் அனுப்பிச் சுடரைக் காப்பாற்றச் சொல்லி. தோழி மேசையைப் படம் எடுத்து அனுப்பினாளாம், சுவரைப் படம் எடுத்து அனுப்பினாளாம். "அது நீ இல்லைன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவங்களும் வேற யார்கிட்டயாவது கொடுத்திருப்பாங்க மாமா" என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவனும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். அது எப்படி மறுபடி ஆரம்பித்தது என்பது வேறு கதை, அதில் விளையாட்டு எதுவும் இல்லை, யார் முதலில் இறங்கி வந்தது என்பதில் மட்டும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. போன மாதம் திடீரென்று அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "எப்படிடா இருக்கே? ரொம்ப நாளாச்சு." பொதுவாக, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாதிரி இருந்தது. "இது எனக்கு மட்டுமா?" என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது.

"இல்ல, இன்னும் நாலு பேருக்கு அனுப்பினேன். அவங்கள்ல யாரும் இப்படிக் கேட்கல."